நத்தை மேயாத கல்

பேய், முனி, கடலில் செத்தவன் கூப்பிடுவான் என்கிற கதைகளெல்லாம் எனக்கு ஆகாது. யாராவது அப்படிக் கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். இருபது வருடத்துக்கு மேல் சங்குக்கும் கடலட்டைக்குமாகச் சுழியோடியிருக்கிறேன், கடலுக்கடியில் நான் கண்டதெல்லாம் மீனும் கல்லும் எவனோ வெட்டிவிட்ட வலையும்தான். ஆகவே இதைக் கேட்டுவிட்டு சிலிண்டர்க் காற்றுப் பழுதாக இருந்திருக்கும், மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்திருக்கும் என்று ஆரம்பிக்காதீர்கள். அதையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். அதோடு நடந்ததில் பாதி தண்ணீருக்குள் நடக்கவே இல்லை. நல்ல வெயிலில், போட்டுக்குள், மூன்று பேருடைய கண்ணுக்கு முன்னால் நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் இப்போதே எழும்பிப் போங்கள்.

எங்கள் ஊர் மயிலிட்டிப் பக்கம். கரையோடு இருந்த நிலமெல்லாம் கால் நூற்றாண்டுக்கு மேல் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. நாங்கள் முகாமிலும் உறவினர் வளவுகளிலும் வளர்ந்து, அங்கேயே கலியாணமும் கட்டி, பிறகுதான் திரும்பி வந்தோம். வந்து பார்த்தால் வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை எது வளவு எது என்று தெரியவில்லை. ஒரு கிணறும் பக்கத்தில் ஒரு பூவரசும்தான் மிச்சம். என் மனைவி பிறேமாவுக்குச் சீதனமாக வந்த காணியும் அவளுடைய அண்ணன் றெஜியின் காணியும் அடுத்தடுத்த காணிகள், அந்தப் பூவரசு யாருடைய பக்கம் என்பதில் எனக்கும் அவனுக்கும் பிடித்தது சனியன். ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் மரத்துக்கு இந்தப் பக்கமாக, என் காணிக்குள், தகரம் அடித்து வேலி போட்டுவிட்டான். நான் பிடுங்கி எறிந்தேன். அவன் திரும்பப் போட்டான். நான் திரும்பப் பிடுங்கினேன். கடைசியில் பங்குச் சுவாமியார் வந்து நின்று, வேலி மரத்தைத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு முடிவு கட்டினார். அதோடு எனக்கும் றெஜிக்கும் கதை பேச்சு அற்றுப்போனது.

ஆனால் தொழிலுக்கு ஒரே போட்டில்தான் போனோம். இது உங்களுக்கு விசராகத் தெரியும். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, சுழியோடுகிறவனுடைய இடுப்புக் கயிற்றை அவனுடைய மனைவியின் சகோதரன்தான் மேலே இருந்து பிடிக்க வேண்டும். சொந்தத் தம்பி பிடித்தால்கூட அவனுக்கு அண்ணன் சொத்தில் ஒரு கண் இருக்கலாம், மச்சான் அப்படியில்லை, கூடப் பிறந்தவளை விதவையாக்கிக்கொண்டு எவனும் கயிற்றைக் கைவிடமாட்டான் என்பதுதான் கணக்கு. இப்போது சிலிண்டர் போடுகிறவர்கள் அநேகமாகக் கயிறு கட்டுவதில்லை. எங்கள் பக்கத்து நீரோட்டம் பொல்லாதது என்பதால் என் மாமனார் அந்த வழக்கத்தை விடவில்லை, அவர் செத்த பிறகும் நாங்கள் விடவில்லை.

கயிற்றில் கதைப்பது பெரிய வித்தை இல்லை. மேலே இருப்பவன் ஒருதரம் இழுத்தால் ‘இருக்கிறாயா’ என்று கேட்கிறான். கீழே இருப்பவன் ஒருதரம் இழுத்தால் ‘இருக்கிறேன்’. விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் ‘என்னைத் தூக்கு’. கேட்டால் பதில் கொடுத்தே ஆகவேண்டும், பழகினவனுக்கு யோசிக்காமலே கை இழுக்கும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் அந்தக் கை இருக்கிறது. றெஜி காய்ச்சலில் கிடந்த நாட்களில் பிறேமாதான் எனக்குக் கயிறு பிடித்திருக்கிறாள். ஒவ்வொருவருடைய இழுப்பும் ஒவ்வொரு விதம், என்னுடையது வெடுக்கென்று இருக்கும், கோபக்காரன் கை என்று மாமா சொல்லுவார். றெஜியும் நானும் வருடக்கணக்காக வாயால் ஒரு சொல் கதைக்காமல் அந்தக் கயிற்றால் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தோம் என்றால் பாருங்கள்.

அந்தப் பருவம் கடலட்டை படவில்லை. பட்டணத்து வியாபாரி ஒருவன் கல்லு நத்தை ஓடு கேட்டான். கடலடிப் பாறையில் பாசி மேய்கிற நத்தை, ஒரு கைப்பிடி அளவு இருக்கும், ஓட்டைத் தேய்த்தால் முத்து நிறத்தில் மினுங்கும். வாயை அடைக்கக் கல்லுப் போல ஒரு மூடி வைத்திருக்கும், வெள்ளையும் பச்சையுமாக, பார்த்தால் கண்முழி மாதிரியே இருக்கும். அதனுடைய நாக்கு அரம். அது மேய்ந்துபோன இடத்தில் பாசியெல்லாம் வழித்தெடுத்து, கல் வெள்ளைக் கோடு கோடாகத் தெரியும். வெளிச்சம் கண்ணில் காட்டக்கூடாத சீவன், பகல் முழுக்கக் கல் வெடிப்புக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்துவிட்டுப் பொழுது பட்ட பிறகுதான் மேய்ச்சலுக்கு வெளிக்கிடும். அதனால் பகலில் பிடிக்கப் போகிறவன் வெடிப்பு வெடிப்பாகக் கையை விட்டுத் தடவ வேண்டும். உள்ளே அஞ்சாலை மீன் இருந்து கடித்தால் அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இதை நன்றாக ஞாபகத்தில் வையுங்கள், பகலில் இந்த நத்தை வெளியே வராது.

போட் குணம் அண்ணையுடையது. எஞ்சினில் எப்போதும் அவர்தான் இருப்பார். குருட்டுப் பார் என்று ஒரு பாறைத் திட்டைப் பற்றி அவருடைய தகப்பன் சொன்னதாக அவர் சொன்னார். பார் என்றால் கடலடிப் பாறை. ஏன் குருட்டுப் பார் என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. வலயம் வர முன்னம் ஆட்கள் போய்வந்த பாறை, நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் யாரும் அதில் இறங்கவில்லை, நத்தை குவிந்து கிடக்கும் என்று நான்தான் ஆசைப்பட்டேன். வாடைக் காற்றுத் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. விடியப் போய், வெயில் ஏறுகிற நேரம் இடத்தைப் பிடித்தோம். றெஜி அணியத்தில், போட்டின் முன் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பச்சை நைலோன் கயிற்றைச் சுருள் பிரித்துக்கொண்டிருந்தான்.

"குணம் அண்ணை, உவரிட்டைச் சொல்லுங்கோ, சும்மா சும்மா இழுத்துக்கொண்டிருக்க வேண்டாமெண்டு. வெடிப்புக்கை கையை விட்டுக்கொண்டு நிக்கிறவனுக்கு இடைஞ்சல்," என்றேன்.

"நான் கேட்கிறதைக் கேட்பன். கேட்க விருப்பமில்லாட்டில் உவரைக் கரையிலை இருக்கச் சொல்லுங்கோ அண்ணை," என்றான் அவன், கடலைப் பார்த்துக்கொண்டு.

"நீங்கள் ரெண்டு பேரும் ஆளை ஆள் கொல்லுறதெண்டால் கரையிலை வைச்சுக் கொல்லுங்கோ. என்ரை போட்டிலை வேண்டாம்," என்றார் குணம் அண்ணை.

இறங்கினேன். ஏழெட்டுப் பாகம், அதாவது ஏழெட்டு ஆள் ஆழம் இருக்கும், தண்ணீர் தெளிவு. கால் பாறையில் படும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நத்தைகளெல்லாம் வெளியே நின்றன. வெயில் தண்ணீருக்குள் இறங்கிப் பாறை மஞ்சளாகத் தெரிகிற நேரத்தில், ஒன்று இரண்டல்ல, பார்க்கிற இடமெல்லாம் நத்தை. பாறை முழுவதையும் வழித்து வெள்ளையாக்கி வைத்திருந்தன, ஒரு பொட்டுப் பாசி இல்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பாசி கரும்பச்சையாகத் தடித்து நின்றது. ஓர் ஆள் மல்லாந்து படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு. தலைமாட்டில் குறுகி, தோளில் அகன்று, காலில் ஒடுங்கி. நான் கற்பனை பண்ணவில்லை, அப்படித்தான் இருந்தது. அதைச் சுற்றி வரம்பு கட்டினாற்போல் நத்தைகள், எல்லாவற்றின் தலையும் அந்தப் பாசியைப் பார்த்து. மாடு பட்டியில் நிற்கிற மாதிரி நின்றன. ஒன்றாவது அதற்குள் வாய் வைக்கவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை, நல்ல மேய்ச்சலை விட்டுவிட்டு நிற்கிறதுகளே என்று ஆச்சரியம்தான். ஒன்றைப் பிடித்தேன். இந்த நத்தையைத் தொட்டவுடன் சதையை உள்ளே இழுத்து மூடியை அடைத்துவிடும். இது அடைக்கவில்லை. சதை வெளியே நீண்டபடி என் கையிலும் திரும்பி அந்தப் பக்கத்தையே பார்த்தது. அருவருப்பாக இருந்தது, பைக்குள் போட்டேன். அந்த நேரம் பார்த்து றெஜி இழுத்தான். இருக்கிறேன் என்று இழுத்தேன். அடுத்ததை எடுக்கக் குனிந்தேன், திரும்பவும் இழுத்தான். திரும்பவும் பதில். வேண்டுமென்றே செய்கிறான் என்று தெரிந்தது. ஒரு வெடிப்புக்குள் தலையையும் விட்டுப் பார்க்கப் போன நேரம் இழுத்தான் ஒரு இழுப்பு, நெற்றி கல்லில் அடிபட்டு, முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் வந்து, கண் எரிந்து, எனக்குத் தலைக்கேறிவிட்டது.

இடுப்பில் இருந்த கயிற்றை அவிழ்த்தேன். கட்ட ஓர் இடம் தேடினால் அந்தப் பாசிக்கு நடுவில் மட்டும்தான் ஒரு கல் முனை நீட்டிக்கொண்டு நின்றது, ஆள் படுத்திருந்தால் கை கிடக்கிற இடத்தில். அதில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். இனி அவன் கல்லோடு கதைக்கட்டும் என்று நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள், பெரிய மனிதர் மாதிரி என்னைப் பார்க்க வேண்டாம்.

பிறகு நிம்மதியாகப் பாறை ஓரமாகத் தூரம் போய் அங்கே மேய்ந்துகொண்டிருந்த நத்தைகளைப் பொறுக்கினேன். பை நிறைந்தது. சிலிண்டரில் காற்று முடிகிற நேரம் கயிற்றைக் கட்டிக்கொண்டு மேலே போவோம் என்று வந்த வழியே திரும்பினேன். இடம் அதேதான். நெற்றி அடிபட்ட வெடிப்பு இருந்தது, பக்கத்தில் உடைந்த பவளக்கொடி இருந்தது. பாசி இல்லை. அந்த ஆளளவு இடம் மற்றப் பாறையைப் போலவே வெள்ளை வெளேரென்று இருந்தது. நீட்டிக்கொண்டு நின்ற கல் முனையும் இல்லை, கயிறும் இல்லை. ஒரு நத்தைகூட இல்லை. பாய் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போன இடம் மாதிரிக் கிடந்தது. பையைக் கைவிட்டுவிட்டு ஏறினேன்.

மேலே காற்று எழும்பி அலை உடைத்துக்கொண்டிருந்தது, அதனால் என் மூச்சுக் குமிழி ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. போட்டுக்குப் பின்பக்கமாக, எஞ்சின் பக்கத்தில் வந்து பிடித்தேன். குணம் அண்ணை என்னைக் கண்டதும் கத்தவில்லை, வாய் மட்டும் திறந்தது. சத்தம் போடாமல் தோளில் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். றெஜி முன் பக்கத்தில் அதே மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். கையில் கயிறு. ஒருதரம் இழுத்தான், கயிறு ஒருதரம் இழுபட்டது, அதை என் கண்ணால் கண்டேன்.

"குணம் அண்ணை, கீழை நிக்கிறவருக்கு இண்டைக்கு நல்ல குணம் வந்திருக்கு. கேட்ட உடனை பதில் தாறார்," என்றான் றெஜி, திரும்பாமலே.

"றெஜி," என்றார் குணம் அண்ணை. "திரும்பிப் பார்."

திரும்பினான். என்னைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். கயிறு அவனுடைய கையில் வெடுக்கென்று இன்னொருதரம் இழுபட்டது, அவன் கேட்காமலே. வருடக்கணக்கில் முகம் பார்த்துக் கதைக்காத மனிதன் அப்போதுதான் என்னோடு நேராகக் கதைத்தான்.

"நீ ஆர்?"

"உனக்கென்ன விசரே? நான்தான். கயித்தைக் கல்லிலை கட்டிப்போட்டு வந்தனான்."

"கல்லு பதில் சொல்லுமே?"

"நீரோட்டம் இழுக்குது, விடடா."

"நீரோட்டம் எனக்குத் தெரியும். என்ரை மச்சான்ரை கையும் எனக்குத் தெரியும். இது அவன்ரை இழுப்பு," என்றான். சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான், சந்தையில் பழுதான மீனைப் பார்ப்பதுபோல். அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு பற்றி எரிகிறது. "நீ அவன் எண்டால் ஒண்டு சொல்லு. எங்கடை ஐயா உனக்கு முதல் முதல் கயிறு கட்டேக்கை காதுக்கை என்ன சொன்னவர்?"

மாமா ஏதோ சொன்னார் என்பது தெரியும். அவருடைய சுருட்டு வாசம் ஞாபகம் இருக்கிறது, குனிந்து என் காதோடு சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. சொன்னது என்ன என்பது மட்டும் வரவில்லை. அந்த நேரத்தில் யாருக்குத்தான் ஞாபகம் வரும்? உங்களுக்கு வருமா?

நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே கயிறு விடாமல் இழுக்கத் தொடங்கியது. வெடுக், வெடுக், வெடுக் என்று. என்னைத் தூக்கு. றெஜி இரண்டு காலையும் பலகையில் ஊன்றித் தூக்கத் தொடங்கினான். நான் "விடு, விடு" என்று கத்தினேன், அவன் காதில் விழவில்லை, அந்தக் கைகளுக்குத் தூக்கு என்றால் தூக்குவது மட்டும்தான் தெரியும். பாரம் வந்தது. கல்லின் பாரம் இல்லை, கல் செத்த பாரம். இது தானும் கொஞ்சம் உந்தி வருகிற பாரம், ஆளைத் தூக்கினால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். அணியம் தாழ்ந்தது.

கயிறு தண்ணீருக்கு மேலே வர வர அதில் நத்தைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. முதலில் ஒன்று, பிறகு அடுத்தடுத்து, கடைசியில் கயிறே தெரியவில்லை. கல்லைவிட்டு அசையாத சீவன் நைலோன் கயிற்றில் எதற்கு ஏறுகிறது? எல்லாம் மூடி திறந்தபடி, எல்லாம் மேலே, எங்களைப் பார்த்தபடி. றெஜியின் கைகளுக்கடியில் நசுங்கி அவனுடைய உள்ளங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகியது. அவன் நிறுத்தவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை. குணம் அண்ணை பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தார்.

"அறுக்காதையுங்கோ!" என்று றெஜி அழுதான், உண்மையாகவே அழுதான், என்னைப் பார்த்துக்கொண்டு. "அவனைக் கீழை விட்டிட்டுப் போய்த் தங்கச்சியிட்டை நான் என்ன சொல்லுவன்?"

அவனுடைய தங்கச்சியின் புருஷன் நான் எதிரில் நனைந்துபோய் நடுங்கிக்கொண்டு இருக்கிறேன், அவன் என்னைப் பார்த்து இதைக் கேட்கிறான். எனக்கு அப்போது கயிற்றில் வந்ததைப் பற்றிய பயத்தைவிட இவன்மேல் ஆத்திரம்தான் பெரிது. குணம் அண்ணை அறுத்துவிட்டார். அறுந்த கயிறு விழவில்லை, யாரோ கையால் வாரி எடுத்த மாதிரிச் சரசரவென்று உள்ளே போனது. போட்டுக்குள் விழுந்த நத்தைகளைக் காலால் தள்ளித் தள்ளிக் கடலில் போட்டேன். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது, அதுவும் அந்த எஞ்சின் வாழ்க்கையில் முதல் தடவை.

கரையில் றெஜி என்னோடு இறங்கவில்லை. நான் போனபிறகு இறங்கினான். அந்த வாரத்திலேயே மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மன்னாரில் பெண்சாதி வீட்டுக்குப் போய்விட்டான். போகிற அன்று வேலிக்கு அப்பால் நின்றவனை நான்தான் வலியப் போய்க் கேட்டேன், மாமா என்ன சொன்னவர் என்று நீயே சொல்லித் தொலையடா என்று. "கீழை இருக்கிறவனுக்குத் தெரியும்," என்றான். அவ்வளவுதான். பூவரசை முழுதாக எனக்கே விட்டுவிட்டான், தகரத்தையும் கழற்றிக்கொண்டு போனான். அடிபட்டு வாங்க வேண்டிய மரத்தை அவன் அப்படிச் சும்மா விட்டுவிட்டுப் போனது எனக்கு அவமானமாக இருந்தது.

குணம் அண்ணையைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லுவேன், ஆனால் பிரயோசனமில்லை. போட்டை விற்றுவிட்டு அரியாலையில் மகளோடு இருக்கிறார், களப்பில் முழங்கால் தண்ணீரில் நண்டு பிடிக்கிறார். போய்க் கேட்டேன். "அண்டைக்கு ஒண்டும் நடக்கேல்லைத் தம்பி. கயிறு கல்லிலை சிக்கினது, அறுத்தனான்," என்றார். எட்டிப் பார்த்தபோது என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "உன்னைத்தான்," என்று சொல்லிவிட்டு நண்டுக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறேமாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. கயிறு சிக்கி அறுந்தது, றெஜிக்கும் எனக்கும் வாய்த்தர்க்கம், அவ்வளவுதான் சொன்னேன். போட்டில் மிஞ்சிய கயிற்றை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று கேட்காதீர்கள், நல்ல நைலோன், எறிய மனம் வரவில்லை. கிணற்றடியில் போட்டிருந்தேன். அவள் அதை எடுத்துக் குசினிக் கம்பத்துக்கும் பூவரசுக்கும் நடுவில் உடுப்புக் கொடியாகக் கட்டிவிட்டாள். கண்டபோது அவிழ்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன், ஏன் என்று கேட்டால் என்ன சொல்லுவது என்று விட்டுவிட்டேன்.

மாரி தொடங்கியது. கிணற்றடிச் சீமெந்தில் வழக்கம்போலப் பாசி பிடித்தது. ஒரு நாள் காலையில் பல் விளக்கப் போனால், அந்தப் பாசியில் வெள்ளைக் கோடு. கிணற்றுக் கட்டிலிருந்து தொடங்கி, வளைந்து வளைந்து, குசினிக் கம்பத்தடி வரைக்கும், அரத்தால் வழித்ததுபோல. பிறேமாவிடம் கிணற்றடியை உரஞ்சினாயா என்று கேட்டேன். தான் அந்தப் பக்கம் தும்புக்கட்டை கொண்டே போகவில்லை என்றாள். மழை நத்தையாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு பின்னேரம், மழை விட்டு வெளித்திருந்தது. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையால் வருகிறேன், பிறேமா கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஓர் இலை அசையவில்லை, அவ்வளவு புழுக்கம். கொடி வெடுக்கென்று ஒருதரம் இழுபட்டது. அவள் கையில் இருந்த சட்டையை உதறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், மற்றக் கையால் கொடியை ஒருதரம் இழுத்துவிட்டு அடுத்த உடுப்பை எடுத்தாள். கோழியைக் கலைப்பதுபோல, யோசிக்காமல். கொஞ்ச நேரத்தில் கொடி திரும்ப இழுபட்டது. அவள் திரும்பப் பதில் கொடுத்தாள்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பூவரசுக்கு அங்கால் பார்த்தேன். றெஜியின் வளவு வெறுமையாகக் கிடந்தது, ஒரு நாய்கூட இல்லை.

"என்ன செய்யிறாய்?" என்று கேட்டேன்.

"ஏன்? உடுப்புப் போடுறன்."

"கொடியை இழுத்தனீ."

"அது இழுத்தது, நானும் இழுத்தனான். மழை தொடங்கின நாளிலை இருந்து உப்பிடித்தான்," என்றாள், அரிசி முடிந்துவிட்டது என்று சொல்லுகிற குரலில்.

கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுக்கப் போனேன். அவள் விடவில்லை. கொடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு பலம் அவளுக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் முகத்தை, ஏற இறங்க, ஆறுதலாகப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "ஐயா உங்களுக்கு முதல் முதல் கயிறு கட்டேக்கை காதுக்கை என்ன சொன்னவர்?"

றெஜி மன்னாரிலிருந்து போன் எடுத்துச் சொல்லியிருப்பான் என்று சொல்லப்போகிறீர்கள். இருக்கலாம். எடுக்கவே இல்லை என்கிறாள் அவள், நான் அதற்குமேல் கேட்கவில்லை. மறந்துபோனேன் என்று உண்மையைச் சொன்னேன். "ஓம்," என்றாள், கோபப்படவில்லை, அழவில்லை. மணிக்கட்டை விட்டாள், கொடியை விடவில்லை. கொடி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதில் இப்போது உடுப்புப் போடுவதில்லை. பின்னேரங்களில் ஒரு கதிரையைக் கொண்டுபோய்க் கம்பத்தடியில் போட்டுக்கொண்டு, தன் தகப்பனும் தமையனும் பிடித்த அதே பிடியில், இரண்டு விரலைக் கயிற்றில் வைத்தபடி இருக்கிறாள். எனக்குச் சோறு போடுகிறாள், உடுப்புத் தோய்க்கிறாள், ஒரு குறையும் இல்லை. கதைப்பதுதான் குறைவு. கதைத்தாலும், வீட்டுக்கு வந்த ஆளோடு கதைப்பதுபோல, வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ என்று ஓர் உபசாரம்.

ஒவ்வொரு நாளும் மாமாவுடைய சுருட்டு வாசம் வரைக்கும் ஞாபகம் வருகிறது. அதற்கு அங்கால் வரவில்லை. பேய் இருக்கிறது என்று உங்களை நான் நம்பச் சொல்லவில்லை, எனக்கே அதில் இன்னும் நம்பிக்கை இல்லை. ஒன்றை மட்டும் நம்பிவிட்டுப் போங்கள். அன்றைக்கு மேலே வந்தது நான்தான்.